சீசன் ஓட்டத்தில் நாம் வளர்கிறோமா, தேய்கிறோமா?

21 செப்டம்பர் 2025, காலை (கேள்வி)

வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறேன். இது எனக்கு இரண்டாவது தீபாவளி. ஆடித் தள்ளுபடியில் வாங்கின சேலையெல்லாம் இப்போதுதான் பை பையாக வந்து இறங்குகிறது. பிரின்சஸ் கட் பழகிக்கொண்டிருந்தேன், அதை மூட்டை கட்டி வைத்துவிட்டேன். எனக்குத் தோன்றுவது இதுதான்: சீசனில் யாரும் வளர்வதில்லை. கையில் இருக்கும் தொழிலை வைத்து ஓட்டுகிறோம், தேய்கிறோம். புதிதாகக் கற்பது, நம்மைப் பற்றி யோசிப்பது, நாலு பேருக்கு நன்றி சொல்வது எல்லாம் தீபாவளி முடிந்த பிறகுதான் முடியும். அனுபவம் உள்ள அக்காமார் என்ன சொல்கிறீர்கள்?

21 செப்டம்பர், இரவு

பாதிக்குத்தான் ஒத்துக்கொள்வேன், தங்கச்சி. எனக்குத் திண்டுக்கல்லில் கடை. இரண்டு தையல் மெஷின், துணி ஓரம் பிரியாமல் அடிக்க ஒரு ஓவர்லாக், உதவிக்கு ஒரு பெண். எம்மிங், அதாவது ஓரத்தை மடித்துக் கையால் தைக்கிற வேலையை, வெளியே கொடுக்கிறேன்.

புதுக் கட்டிங்கைச் சீசனில் பழகக் கூடாது என்பது சரி. ஊராருடைய பட்டில் நம் கை பழகுவது நியாயம் இல்லை. சேலையோடு வருகிற பிளவுஸ் பிட் 80 சென்டிமீட்டர் இருக்கும், தாராளமாக விட்டிருந்தால் ஒரு மீட்டர். அதில் கத்தரி இடம் மாறிப் போய்விட்டால் அதே கலரும் அதே பார்டரும் எந்தக் கடையிலும் கிடைக்காது. கட்டிங் பழக ஆடி மாதம் இருக்கிறது, பழைய வேட்டித் துணி இருக்கிறது.

ஆனால் கட்டிங் மட்டுமா தொழில்? தேதி சொல்வதும் தொழில்தான். அதை ஆடியில் கற்க முடியாது. வேலை குறைவாக இருக்கும்போது யார் வேண்டுமானாலும் வியாழக்கிழமை என்று சொல்லி வியாழக்கிழமை கொடுத்துவிடலாம். பை குவிந்து கிடக்கும்போது, எதிரே நிற்கிறவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே, நம்மால் முடிகிற நாளைச் சொல்ல வேண்டும். அவருக்குப் பிடிக்கிற நாளைச் சொல்லக் கூடாது. இதைத் தீபாவளிதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தது.

22 செப்டம்பர்

ஒன்று சேர்க்கிறேன், எல்லோருக்கும். காட்டன் லைனிங்கை நனைத்துக் காயவைக்காமல் வெட்டாதீர்கள். அவசரத்தில் முதலில் விட்டுப்போவது இதுதான். பட்டு அப்படியே நிற்கும், லைனிங் முதல் துவைப்பிலேயே சுருங்கும், அக்குள் பக்கம் இழுத்துக்கொண்டு சுருக்கம் விழும். டூ பை டூ ரூபியா என்கிற பிளவுஸ் காட்டனும் அப்படித்தான். எங்களுக்குப் பக்கத்திலேயே சின்னாளப்பட்டி, சுங்குடிச் சேலை நிறைய வரும். அந்தத் துணியைக் கல் உப்புத் தண்ணீரில் ஒரு தடவை போட்டு எடுத்த பிறகுதான் கத்தரி வைப்பேன். மழை பிடித்துக்கொண்டால் எதுவும் காயாது. அதனால் என்னென்ன கலர் லைனிங் தேவைப்படும் என்று பார்த்து, புரட்டாசி வெயிலிலேயே மொத்தமாக நனைத்து வைத்துவிடுகிறேன்.

25 செப்டம்பர்

"முடியாது என்று சொன்னால் ஆள் அடுத்த கடைக்குப் போய்விடாதா?" என்று கேட்டிருக்கிறாய். சிலர் போவார்கள். போகட்டும்.

என் கணக்கைச் சொல்கிறேன். லைனிங் இல்லாத சாதா காட்டன் பிளவுஸ் என் கைக்கு ஒரு மணி நேரம். லைனிங், பைப்பிங், பின் கழுத்தில் கட்டுகிற நாட் கயிறு என்று போனால் இரண்டு, இரண்டரை. ஊக்கும் எம்மிங்கும் தனி. மெஷினில் உட்காரும் நேரம் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று முதலில் எழுதிக்கொள்ள வேண்டும். அளவு எடுப்பது, போன் பேசுவது, ஆல்ட்டர் வேலை எல்லாம் அந்த நேரத்துக்குள் நுழையும், அதையும் கழிக்க வேண்டும். மீதி எத்தனை பிளவுஸோ அத்தனைதான் அன்றைய பக்கத்தில். பில் புக்கில் நாள் வாரியாகப் பக்கம் பிரித்திருக்கிறேன். பக்கம் நிரம்பிவிட்டால் அடுத்த நாள். துணியில் ஒரு சின்னத் துண்டு வெட்டி பில்லோடு பின் அடித்துவிடுவேன். பத்துப் பச்சைச் சேலை வந்தாலும் எது யாருடையது என்று குழப்பம் வராது.

எங்கள் ஊரில் இன்னொரு விஷயமும் உண்டு. சுற்றிலும் நூற்பாலைகள். மில்லில் போனஸ் கைக்கு வந்த பிறகுதான் பல வீடுகளில் துணியே எடுப்பார்கள். அவர்கள் வரும்போது தீபாவளிக்குப் பத்து நாள்கூட இருக்காது. முன்கூட்டியே வந்தவர்களை வைத்து எல்லாப் பக்கத்தையும் நிரப்பிவிட்டால், கஷ்டப்பட்டுச் சம்பாதித்து ஒரே ஒரு புதுச் சேலை எடுத்தவளைத் திருப்பி அனுப்ப வேண்டி வரும். அதற்காகக் கடைசி வாரத்தில் ஒவ்வொரு பக்கத்திலும் கொஞ்சம் இடம் காலியாக விடுகிறேன். முன்பெல்லாம் இந்த யோசனை எனக்கு இல்லை, வந்ததை வாங்கிப் போட்டுக்கொண்டு போவேன். வருடா வருடம் சீசனைப் பார்த்துப் பார்த்துத்தான் யார் எப்போது வருவார்கள், ஏன் அப்போது வருகிறார்கள் என்று புரிந்தது. இதை வளர்ச்சி என்று சொல்லக் கூடாதா?

1 அக்டோபர், ஆயுத பூஜை

இன்று மெஷின் ஓடாது. தீபாவளிக்கு இன்னும் 19 நாள்தான், அலமாரி நிரம்பி வழிகிறது, ஆனாலும் ஓடாது. தெருவில் வெல்டிங் பட்டறை, சைக்கிள் கடை, டூ வீலர் மெக்கானிக் எல்லோருக்கும் இதே நாள்தான்.

காலையில் உட்கார்ந்து மெஷினைப் பிரித்தேன். ஊசித் தட்டின் இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றினால் அடியில் பல் இருக்கும், துணியை நகர்த்துகிற பல். அந்த வரிசைகளுக்கு நடுவே ஒரு மாதத்துப் பஞ்சு இறுகி கம்பளித் துண்டு மாதிரி படிந்திருந்தது. ஊசியால் நெம்பி எடுத்தேன். அரக்கு, மாம்பழ மஞ்சள், மயில் கழுத்து, ராமர் பச்சை என்று இந்தச் சீசனில் தைத்த கலரெல்லாம் அடுக்கடுக்காக அதில் இருந்தது. பாபின் கேஸைத் துடைத்து, ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, வேஸ்ட் துணியில் ஓட விட்டு அழுக்கு எண்ணெயை வெளியேற்றினேன். அப்புறம் சந்தனம், குங்குமம். கத்தரியும் இஞ்ச் டேப்பும் ஸ்கேலும் சாமி முன்னால். பொரி, கடலை, அவல், சுண்டல்.

தங்கச்சி, நன்றிக்கு நேரமில்லை என்று எழுதியிருந்தாயே, நம் ஆட்கள் அதற்கு நாள் குறித்தே வைத்திருக்கிறார்கள். அதுவும் வேலை உச்சத்தில் இருக்கும்போது. சீசன் முடிந்து கை ஓய்ந்த பிறகு மெஷினுக்குப் பொட்டு வைப்பது பெரிய காரியமில்லை. ஓடிக்கொண்டிருக்கிறபோது நிறுத்தி, துடைத்து, கும்பிடுவது பெரிது. நூல் அறுந்தால் மெஷினைத் திட்டுவோம். பாதி நேரம் அந்தப் பஞ்சுதான் காரணமாக இருக்கும்.

1 அக்டோபர், இரவு

பூஜை முடிந்து உட்கார்ந்திருந்தபோது எனக்குத் தொழில் கற்றுக் கொடுத்த அக்காவின் நினைவு வந்தது. அவர் இப்போது இல்லை. போன வாரம் ஒரு பெண், குழந்தை பிறந்து ஆறு மாதம் ஆகியிருக்கும், தன் கல்யாணப் பிளவுஸைப் பிரித்து விடச் சொல்லிக் கொண்டுவந்தாள். பக்கவாட்டில் லைனிங்கைப் புரட்டிப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, அது அக்காவின் தையல். ஒவ்வொரு பக்கமும் உள்ளே ஒன்றரை அங்குலத் துணி விட்டு, சம இடைவெளியில் மூன்று தையல் ஓட்டியிருந்தார். முதல் தையலைப் பிரித்தால் கொஞ்சம் இளகும், அடுத்ததைப் பிரித்தால் இன்னும். கையிலும் அதே மாதிரி, அக்குள் வழியாகக் கைத் தையலும் பக்கத் தையலும் ஒரே கோடாக வந்து சேரும்படி. நான் எதையும் அளக்கவில்லை. ஒரு தையலைப் பிரித்துக் கொடுத்தேன், போட்டுப் பார்த்தாள், அப்படியே பொருந்தியது.

இந்தத் தீபாவளிக்குப் புதுப் பிளவுஸ் தைக்க அவளுக்கு வசதி இல்லை என்று பேச்சுவாக்கில் சொன்னாள். அக்கா அந்த ஒன்றரை அங்குலத்தை மிச்சம் பிடித்திருக்கலாம், தையலையும் ஒன்றோடு விட்டிருக்கலாம், நேரம் மிச்சம். எந்தச் சீசனிலும் அவர் அதைச் செய்யவில்லை. "உடம்பு மாறும், துணி மாறாது, அதுக்குள்ள இடம் விடு" என்பார். அவருக்கு நான் நன்றி சொல்வது என்றால் என் கையில் வருகிற ஒவ்வொரு பிளவுஸிலும் அந்த மூன்று தையலை விடாமல் போடுவதுதான். வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

2 அக்டோபர்

விஜயதசமி. உதவிக்கு இருக்கும் பெண்ணை இன்று முதல் தடவையாக பிளவுஸ் கை வெட்டச் சொன்னேன். கை, அவ்வளவுதான், உடம்பு இல்லை. சொந்தப் பாவாடைத் துணியில். முன் வளைவும் பின் வளைவும் சரியாக வந்தது. "அக்கா, இப்ப சீசன் ரேட்டு தருவீங்களா?" என்றாள். கடையே சிரித்தது.

7 அக்டோபர்

1-ஆம் தேதி எழுதியதைத் திரும்பப் படித்தேன். மெஷினுக்கும் குருவுக்கும் நன்றி சொன்னது இருக்கட்டும். கூட வேலை செய்கிறவர்களைப் பற்றி நான் ஒன்றுமே எழுதவில்லையே என்று உறுத்தியது.

எம்மிங் செய்யும் அம்மாமார் நம் தொழிலில் கண்ணுக்குத் தெரியாதவர்கள். பக்கத்துத் தெருவில் ஒருவர் எனக்குச் செய்து தருகிறார். கழுத்துப் பட்டியில் அவர் ஊசி ஓட்டுவதைக் கிட்டே உட்கார்ந்து பார்க்க வேண்டும். வெளித் துணியில் ஒரே ஒரு இழையை மட்டும் கோத்து எடுப்பார், வெளியே புள்ளிகூடத் தெரியாது. ஊக்குக்கு எதிரே நூலிலேயே கண்ணி கட்டுவார், இழுத்தால் பிய்ந்து வராது. நாள் முழுக்கக் குனிந்தே வேலை. இதற்கு எங்கள் பக்கம் ஒரு பிளவுஸுக்கு 20 முதல் 30 ரூபாய்.

மில்லில் வேலை செய்கிறவருக்குப் போனஸ் சட்டம் இருக்கிறது. சம்பளத்தில் குறைந்தது 8.33 சதவீதம், அதிகபட்சம் 20. அது 20 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடங்களுக்குத்தான். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எம்மிங் செய்கிறவருக்கு எந்தச் சட்டமும் போனஸ் வாங்கித் தராது. நாம்தான் கொடுக்க வேண்டும். அவர் வருடம் முழுக்கச் செய்த வேலைக்கு நோட்டில் கணக்கு இருக்கிறது, அதைக் கூட்டி அதே 8.33 சதவீதம் போட்டுக் கொடுத்துவிடுகிறேன். அதுவும் தீபாவளிக்கு முந்தின நாள் ராத்திரி இல்லை, பத்து நாள் முன்னாலேயே. அவர் பிள்ளைகளுக்கும் துணி எடுக்க வேண்டும், அந்தத் துணியையும் யாராவது தைக்க வேண்டுமே.

நம்மில் பலர் வாடிக்கையாளரிடம் பணம் வந்த பிறகுதான் எம்மிங் கூலியைக் கொடுக்கிறோம். அது சரியில்லை. சேலை கொடுத்தவர் தீபாவளி முடிந்து சாவகாசமாகத் தருவார், அதுவரை இவர் காத்திருக்க வேண்டுமா? நன்றி மனதில் இருக்கிறது என்று சொல்வதை நான் நம்புவதில்லை. கூலி நேரத்துக்குப் போய்ச் சேர்ந்ததா என்றுதான் பார்ப்பேன். இதைக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன், யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

8 அக்டோபர்

"சின்னக் கடைக்கு 8.33 கட்டுப்படியாகுமா?" என்று கேட்டிருந்தாய். மாதா மாதம் நோட்டில் அந்தப் பங்கைத் தனியாகக் கழித்து ஒரு டப்பாவில் போட்டுவிடு. அக்டோபரில் மொத்தமாக எடுத்துக் கொடுப்பதென்றால் யாருக்கும் கட்டுப்படி ஆகாது.

11 அக்டோபர்

பட்டுக்கு 11 நம்பர் ஊசி, காட்டனுக்கு 14, பைப்பிங்கும் லைனிங்கும் கனத்தால் 16. நேரமில்லை என்று ஒரே ஊசியில் எல்லாம் தைக்காதீர்கள், பட்டில் இழை இழுத்துவிடும். இன்றைக்கு இவ்வளவுதான், பக்கம் முடியவில்லை.

14 அக்டோபர்

தலை தீபாவளிப் பெண் ஒருத்தி. ஆவணியில் கல்யாணம். ஆரி வேலை, அதாவது கை எம்பிராய்டரி, செய்த பிளவுஸ். ஆரிக்கு நான் வெளியே கொடுப்பேன், துணியை ஃபிரேமில் கட்டி வேலை முடித்து வந்த பிறகு நான் வெட்டித் தைப்பது. மாமியாரோடு வந்தாள். வந்ததும் மாமியார்தான் பேசினார். கை டைட்டாக இருக்கும்போல் தெரிகிறது, இவ்வளவு காசு கொடுத்தும் இப்படியா, ஊருக்குப் போகிற பிள்ளை என்று. இன்னும் போட்டே பார்க்கவில்லை.

சில வருடங்களுக்கு முன்னால் இருந்த நானாக இருந்தால் அளவு நோட்டை எடுத்துப் போட்டு, இதோ நீங்கள் கொடுத்த அளவு என்று வாதாடியிருப்பேன். ராத்திரி ஒரு மணி வரை மெஷினில் இருந்தவளுக்குக் கோபம் மூக்கு நுனியில்தான் இருக்கும். இப்போது ஒன்று மட்டும் செய்கிறேன். முதலில் போட்டுக் காட்டச் சொல்கிறேன், போட்டு வரும் வரை எதுவும் பேசுவதில்லை. அந்தப் பெண் உள்ளே போய்ப் போட்டுக்கொண்டு வந்தாள். கையைத் தூக்கச் சொன்னேன், தலை பின்னுகிற மாதிரி வைக்கச் சொன்னேன். முழங்கை பக்கம் கொஞ்சம் பிடித்தது, மற்றதெல்லாம் சரி. ஆரி பார்டர் கனம், அதனால் கை வளைந்து கொடுக்கவில்லை. உள்ளே துணி இருந்தது, பிரித்து விட்டேன். கால் மணி நேரம். மாமியார் அதுவரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தவர், போகும்போது "என் பொண்ணுக்கும் கார்த்திகையில ஒண்ணு தைக்கணும்" என்றார்.

தங்கச்சி, கோபத்தை அடக்குவதை யாராவது ஆடி மாதத்தில் உட்கார்ந்து பழக முடியுமா? கோபம் வருகிற இடத்தில்தானே அதைப் பழக முடியும்.

18 அக்டோபர்

ஐப்பசி ஒன்று. மழை, கரண்ட் வந்து வந்து போகிறது. ஒரு மெஷினில் மோட்டாரோடு பெடலையும் கழற்றாமல் வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. எமர்ஜென்சி விளக்கில் கறுப்பு நூல் போட்டுக் கறுப்புத் துணி தைக்காதீர்கள், கண் போய்விடும். அதையெல்லாம் பகலுக்கு ஒதுக்குங்கள். காலியாக விட்டிருந்த இடங்களெல்லாம் நிரம்பிவிட்டன, மில்லுக்குப் போகிற பெண்கள்தான்.

நீ எழுதியதைப் படித்தேன். இரண்டு பேருக்கு முடியாது என்று சொல்லிவிட்டு ராத்திரியெல்லாம் மனசு கேட்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். கேட்காதுதான். வாங்கி வைத்துவிட்டுத் தீபாவளி காலையில் அவர்கள் வாசலில் வந்து நிற்கும்போது இல்லை என்று சொல்வதை நினைத்துப் பார், இது எவ்வளவோ மேல். மற்றதைத் தீபாவளிக்கு அப்புறம் பேசலாம். தூங்கு.

23 அக்டோபர்

முடிந்தது. சாப்பாடு, தூக்கம், அம்மா வீடு.

உன் முதல் கேள்வியை நினைத்துக்கொண்டே பஸ்ஸில் வந்தேன். தேய்கிறோம் என்று நீ சொன்னதில் நியாயம் இருக்கிறது, அதை நான் அப்போது சரியாகக் கண்டுகொள்ளவில்லை. கழுத்து, இடுப்பு, கண் எல்லாம் உண்மையாகவே தேய்கிறது. என்னோடு தொழில் கற்றவர்களில் பாதிப் பேர் முதுகுவலியால் விட்டுவிட்டார்கள். தேய்மானத்தோடுதான் வளர்கிறோம் என்று இதை அழகாகச் சொல்லிக் கடந்து போக எனக்கு விருப்பமில்லை. ஸ்டூலை மாற்று. முதுகு சாய்கிற நாற்காலி போடு, மெஷின் மேசை உன் முழங்கை உயரத்துக்கு வரட்டும். மணிக்கு ஒரு தடவை எழுந்து தண்ணீர் குடி. இதற்குச் செலவழிக்கிற காசை லாபத்தில் கழிக்காதே, தொழில் செலவில் எழுது.

24 அக்டோபர்

நல வாரியம் பற்றிக் கேட்டவர்களுக்கு. தமிழ்நாடு தையல் தொழிலாளர்கள் நல வாரியம் என்று தனியாகவே இருக்கிறது. 18 வயதிலிருந்து 60 வரை பதியலாம். கடை இருக்க வேண்டும் என்று இல்லை, வீட்டில் தைக்கிறவர்களும் பதியலாம். பிள்ளைகளின் படிப்புக்கு உதவித்தொகை, கல்யாண உதவி, விபத்து நிவாரணம், 60-க்கு மேல் ஓய்வூதியம். ஆன்லைனிலேயே விண்ணப்பிக்கலாம், பழக்கம் இல்லையென்றால் இ-சேவை மையத்துக்குப் போங்கள். ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் புத்தகம், போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பதிந்த பிறகு புதுப்பிக்க மறந்துவிடாதீர்கள், பலர் அங்கேதான் விட்டுவிடுகிறார்கள்.

எம்மிங் அம்மாவைத் திங்கட்கிழமை கூட்டிப் போகிறேன். அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது, இதுவரை பதியவே இல்லை. தீபாவளிக்கு முன்னால் சொன்னால் "இப்ப எங்கம்மா நேரம்" என்றார். இப்போது சரி என்றிருக்கிறார். ரேஷன் கார்டில் பெயர் ஒரு மாதிரியும் ஆதாரில் வேறு மாதிரியும் இருக்கிறது. அதை முதலில் திருத்த வேண்டுமா, அப்படியே விண்ணப்பிக்கலாமா என்று அனுபவப்பட்டவர்கள் யாராவது ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லுங்கள்.